சுவர் இருந்தால்தானே சித்திரம்!

‘கணினிக்கு முதலில் வேண்டியது வேகமா? குளிர்ச்சியா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி விவாத அரங்கில், ‘குளிர்ச்சியே!’ என்ற அணியில் காம்பாரைச் சேர்ந்த கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கணக்குச் சொன்னார். ‘கணினி வாங்க ஐயாயிரம் வெள்ளி இருந்தால் மூவாயிரத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடு. மிச்சத்தில் மற்றதைப் பார்த்துக்கொள்’ என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் அவரிடம் கேட்கிறேன். அந்த ‘மற்றது’ என்ன தம்பி? பெட்டி, காற்றாடி, பவர் சப்ளை. அதாவது மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்தாயிற்று, பந்தலுக்குக் கால் நடக் காசில்லை என்கிறார்! (கைதட்டல்)

இங்கே உள்ள தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. கிராபிக்ஸ் கார்டு என்பது கணினிக்குள் இருக்கும் இன்னொரு குட்டிக் கணினி. திரையில் படம் வரைவது அதன் வேலை. விளையாட்டுக்கு மட்டும் அல்ல. கட்டட வரைபடம் போடுகிற பிள்ளைக்கு அது வேண்டும். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கு வேண்டும். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று பேசுகிறோமே, அதற்கும் இதே வகைச் சில்லுதான் ஓடுகிறது. ஆகவே வேகம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேகம் எதன்மேல் நிற்கிறது என்றுதான் கேட்கிறோம்.

ரைஸ் குக்கரும் கிராபிக்ஸ் கார்டும்

1999ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டது. அதற்குத் தனி மின்வயர்கூடக் கிடையாது. செருகிய இடத்திலிருந்து கிடைக்கும் மின்சாரமே போதும். 2006இல் 8800 ஜிடிஎக்ஸ் வந்தது. ஏறக்குறைய 150 வாட். 2010இல் ஜிடிஎக்ஸ் 480, 250 வாட். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090, 450 வாட். 2025இல் ஆர்டிஎக்ஸ் 5090, 575 வாட்!

575 வாட் என்றால் என்ன? உங்கள் வீட்டில் சோறு வடிக்கிற சின்ன ரைஸ் குக்கர். அதுவாவது அரை மணியில் ‘டக்’கென்று அணைந்துவிடும். நம் பிள்ளையின் கார்டு இரவு எட்டு மணிக்கு ஏற்றிய அடுப்பு, விடியற்காலை இரண்டு மணிக்கும் எரிந்துகொண்டிருக்கிறது! (சிரிப்பு) ரைஸ் குக்கரில் சோறாவது மிஞ்சும். கார்டுக்குள் போகிற மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ஆகவே 575 வாட் கார்டு வாங்குகிறவர், கூடவே 575 வாட் ஹீட்டரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பெட்டியின்மேல் அது மட்டும் எழுதியிருக்காது.

பத்து டிகிரி வரி

எதிரணியில் இன்னொரு நண்பர், ‘வெளிநாட்டு விமர்சனங்களைப் பார்த்துத்தான் வாங்குகிறோம், கார்டு 70 டிகிரியைத் தாண்டவில்லை என்று அளந்தே காட்டுகிறார்கள்’ என்றார். உண்மை. ஆனால் எந்த அறையில் அளந்தார்கள்? அநேகமாக 21, 22 டிகிரி அறையில். எங்கள் காம்பாரில் மத்தியானம் வெளியே 33 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் ஓரத்து அறையில் 32 டிகிரி என்பது சாதாரணம்.

காற்றாடி காற்றைத்தான் வீசும், குளிரைத் தயாரிக்காது. அறையில் என்ன சூடோ, அதற்குமேல்தான் கார்டின் சூடு ஏறும். வெளிநாட்டு அறையில் 22க்கு மேல் 48 டிகிரி ஏறி 70 என்றால், நம் அறையில் 32க்கு மேல் அதே 48 ஏறி 80. இந்தப் பத்து டிகிரியை நான் ‘காம்பார் வரி’ என்பேன். அரசாங்கம் போடாத வரி. எந்தக் கார்டு வாங்கினாலும் கட்டித்தான் ஆகவேண்டும். (கைதட்டல்)

‘பத்து டிகிரிதானே’ என்று தள்ளிவிட முடியுமா? மின்னணுத் துறையில் ஒரு பழைய கணக்கு உண்டு. பவர் சப்ளைக்குள் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்று குட்டி டப்பா மாதிரி இருக்கும். உள்ளே ஈரமான திரவம். சூடு பட்டால் அது மெல்ல மெல்ல உலர்ந்துபோகும். ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர், 75 டிகிரியில் 16,000 மணி நேரம் தாங்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் முதலாவது ஒன்பது ஆண்டுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது பதினேழு ஆண்டு வரும். டப்பா ஒன்றுதான், விலை ஒன்றுதான். இடையில் இருப்பது பத்தே டிகிரி.

எங்கள் மண்ணின் ஈயம் சொல்லும் பாடம்

நடுவர் அவர்களே, கார்டைப் பற்றிப் பேச வந்தவன் ஈயத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. காம்பார் ஈயத்தால் எழுந்த ஊர். கிந்தாப் பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்த இடம். 1985 அக்டோபர் 24இல் லண்டன் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரிந்தது. எங்கள் பக்கத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. இன்றைக்கு அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டுமானால் கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். 2007இல் காம்பாரில் திறந்த துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி ஏரி ஏரியாகத் தெரிகிறதே, அவையெல்லாம் பழைய ஈயக் குட்டைகள்தான்.

அந்த ஈயம் எங்கே போகிறது தெரியுமா? உலகம் பயன்படுத்தும் ஈயத்தில் ஏறக்குறைய பாதி, மின்னணுப் பலகைகளில் பற்றவைக்கத்தான் போகிறது. நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயம். பாட்டி காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசினோமே, அது. காரீயம் வேறு, அது நஞ்சு. முன்பெல்லாம் பற்றவைக்க 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலப்பார்கள். 183 டிகிரியில் உருகும். காரீயம் உடம்புக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் அதற்குத் தடை போட்டது. அதன்பின் வந்த கலவையில் நூற்றுக்கு 96, 97 பங்கு வெள்ளீயம். மீதி செம்பும் வெள்ளியும். வெள்ளி என்றால் ரிங்கிட் இல்லை, உலோகம்! (சிரிப்பு) இது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும்.

ஒரு கிராபிக்ஸ் சில்லின் அடியில் இந்த மாதிரிப் பற்றுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கடுகைவிடச் சின்னக் குண்டுகளாக. கார்டு சூடானால் எல்லாம் விரியும், ஆறினால் சுருங்கும். சில்லு ஓர் அளவு விரியும், அடிப்பலகை வேறோர் அளவு விரியும். நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது இந்தக் குண்டு. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் மாட்டிய பிள்ளையைப் போல. (சிரிப்பு) தினமும் இழுத்தால் ஒருநாள் விரிசல் விடும். திரையில் கோடு கோடாக வரும். பிறகு இருட்டுதான்.

இது ஏதோ சின்னக் கடைச் சரக்குக்கு மட்டும் வருகிற நோய் என்று எண்ணாதீர்கள். 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளில் சிவப்பு விளக்கு எரிந்து செயலிழந்தவற்றுக்காக உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டியது. அதற்கென்று நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி உள்ளே இணைப்புகள் முறிந்ததுதான் காரணம் என்று பின்னாளில் அந்நிறுவனமே சொன்னது. 2008இல் என்விடியாவும் மடிக்கணினிகளில் போன சில சில்லுகளுக்காக 19 கோடியே 60 லட்சம் டாலரைக் கணக்கில் கழித்தது. சில்லையும் அதன் அடித்தட்டையும் சேர்த்த பொருள்கள் பலவீனமாக இருந்தன. வேகத்தில் குறையே இல்லை ஐயா. சூட்டைத் தாங்கவில்லை, அவ்வளவுதான். வேகத்தைப் படைத்தவர்களுக்கே சூடு இத்தனை கோடிக்குக் கணக்குத் தீர்த்திருக்கிறது என்றால், மாதச் சம்பளத்தில் வாங்குகிற நமக்கு எத்தனை கவனம் வேண்டும்? (கைதட்டல்)

எதிரணிக்கு மூன்று பதில்கள்

‘இப்போதைய சில்லுக்குப் புத்தி உண்டு, சூடு கூடினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்’ என்றார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் எங்கே? பெரிய கார்டை வாங்கி, மூச்சு முட்டும் பெட்டியில் அடைத்து, சின்னக் கார்டின் வேகத்தில் ஓட்டுவதற்கா மூவாயிரம் வெள்ளி? மேலும், சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் மற்ற பாகங்களை யார் காப்பாற்றுவது?

‘தண்ணீர்க் குளிர்ச்சி போட்டால் தீர்ந்தது’ என்றார் ஒருவர். வெப்பம் கடன் மாதிரி ஐயா. கை மாறும், அழியாது. தண்ணீர் அந்த வெப்பத்தைச் சில்லிலிருந்து வாங்கி ரேடியேட்டரில் கொடுக்கிறது. ரேடியேட்டர் உங்கள் அறையில் கொடுக்கிறது. ஜன்னல் மூடிய அறையில் கடைசியில் கடனாளி நீங்கள்தான். (சிரிப்பு)

‘ஏர்கோன் இருக்கிறதே’ என்றார் மற்றவர். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றுவது சுமார் 2,600 வாட் வெப்பம். கார்டும் மற்றவையும் சேர்ந்து 600 வாட் கக்கினால், ஏர்கோன் பலத்தில் கால்வாசி அதற்கே போகிறது. அந்தக் கட்டணத்தைக் கட்டுவது பிள்ளை இல்லை, அப்பா. இன்னும் சிலர் ஐஸ் தண்ணீர், பெல்டியர் தகடு என்று சோதனை செய்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் கோப்பி ஐஸ் வாங்கினால் குவளை வெளியே வியர்க்கிறதே, ஏன்? நம் காற்றில் அவ்வளவு ஈரம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போகிற எதன்மேலும் நம் ஊரில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடும் பலகை வியர்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடகுக் கடைக்குப் போகாத சங்கிலி

எங்கள் வட்டாரத்தில் ஓர் அம்மா. பெயர் வேண்டாம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் இல்லை. மகன் கட்டடக்கலை படிக்கிறான். சீட்டுப் பணம் எடுத்து 3,500 வெள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டு, இறுதிப் பணியை ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கும்போது திரை இருண்டது. வாங்கிய கடையில் திறந்துகூடப் பார்க்காமல், ‘கார்டு செத்துவிட்டது, புதிது 1,800 வெள்ளி’ என்றார்கள். அந்த அம்மா என்னிடம் வந்தபோது கழுத்துச் சங்கிலி கைப்பைக்குள் இருந்தது. ‘அண்ணே, ஒரு வார்த்தை கேட்டுட்டு அடகுக் கடைக்குப் போகலாம்னு வந்தேன்’ என்றார்.

திறந்து பார்த்தேன். கணினி இருந்தது சாமி மேடைக்கும் சுவருக்கும் நடுவில். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை, விளக்கு எண்ணெய்க் கரி, பூனை முடி எல்லாம் சேர்ந்து காற்றாடியைக் கம்பளி போர்த்தியதுபோல் அடைத்திருந்தன. காற்றாடி சுற்றவே இல்லை. சில்லின்மேல் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது. புதுக் காற்றாடி 35 வெள்ளி, பேஸ்ட் 20 வெள்ளி, ஒரு மணி நேர வேலை. முன்பு ஓட ஆரம்பித்த சில நிமிடத்தில் 92 டிகிரிக்குப் போய் நின்றது, பிறகு 71ஐத் தாண்டவில்லை. சங்கிலி கழுத்துக்குத் திரும்பியது. (நீண்ட கைதட்டல்)

இருண்ட கார்டு எல்லாம் இப்படி எழுந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். உள்ளே பற்று முறிந்துவிட்டால் முடிந்தது. சிலர் கார்டைச் சமையல் அவனில் வைத்துச் சுட்டு எடுக்கிறார்கள். சில நாள் ஓடும், மறுபடி இருளும். அந்த அவனில் நாளைக்கு உங்கள் பிள்ளைக்குக் கேக் செய்யப் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். கார்டில் உள்ள பிளாஸ்டிக், பசை, பூச்சு எல்லாவற்றின் புகையும் அதற்குள் இருக்கும்.

செலவில்லாத வைத்தியம்

ஆகவே வாங்குகிறவர்களுக்கு என் அணி சொல்வது இதுதான். முதலில் இடம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாம்பிராணிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முன்னால் காற்று நுழைய வேண்டும், பின்னால் வெளியேற வேண்டும். மூடிய கண்ணாடி முகப்பு அழகுதான். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு யாரும் ஓட்டப் பந்தயம் ஓடுவதில்லை. பெட்டிக்கு இரண்டு நல்ல காற்றாடி நூறு வெள்ளிக்குள் முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். காற்று ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் அச்சு தேயும்.

இரண்டாவது, மின் அளவு. மென்பொருளிலேயே கார்டின் மின் வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் வேகம் குறைவது மிகச் சில விழுக்காடுதான், கண்ணுக்கே தெரியாது. காரணம் எளிது. அதே வேகத்தில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் சில்லு குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய 19 விழுக்காடு குறையும். கடைசி ஐந்து விழுக்காடு வேகத்துக்குத்தான் நாம் ஐந்தில் ஒரு பங்கு சூட்டை விலையாகக் கொடுக்கிறோம்.

மூன்றாவது, இணைப்பு. சுவரில் உள்ள நம் பிளக்குக்கு 13 ஆம்பியர் பியூஸ். 575 வாட் கார்டுக்கு 12 வோல்ட்டில் 48 ஆம்பியர் போகிறது, விரல் அளவு செருகி வழியாக! 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது சில செருகிகள் உருகின. முழுதாகச் செருகாததே பல இடங்களில் காரணம் என்று ஆய்ந்தவர்கள் கண்டார்கள். ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். வயரை ஒட்டினாற்போல் மடக்காதீர்கள்.

நான்காவது, பழைய கார்டு. 2022 செப்டம்பர் 15இல் எத்திரியம் நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. மலிவாக வருகிறதென்று கண்ணை மூடி வாங்காதீர்கள். விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சில்லின் சூட்டோடு நினைவகத்தின் சூட்டையும் பாருங்கள். சில கார்டுகளில் சில்லு 65 காட்டும்போதே நினைவகம் 110ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் வெப்பப் பட்டையை மாற்றினால் சரியாகலாம். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

கார்டு வாங்குகிற கையா? திறக்கிற கையா?

நிறைவாக ஒன்று. பினாங்கில் இன்டெல் 1972இல் வந்தது. அதே 1972இல் ஈப்போவில் கார்செம் தொடங்கியது. அரை நூற்றாண்டாகச் சில்லைப் பொதிந்து உலகுக்கு அனுப்புகிற மாநிலம் நம்முடையது. இன்று ஜொகூர் கூலாயில் என்விடியா சில்லுகளோடு ஒய்டிஎல் தரவு மையம் எழுந்திருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான சில்லுகள் ஒரே கூரையின்கீழ். அங்கு பெரிய தலைவலி வேகம் அல்ல, சூடு! மின்சாரம், குளிர்நீர், காற்றோட்டம் தெரிந்த ஆள் அங்கே வேண்டும். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவின் பேரன் கார்டின் பெயரையும் விலையையும் மனப்பாடம் செய்து என்ன பயன்? பெட்டியைத் திறக்கட்டும். மல்டிமீட்டர் பிடிக்கட்டும். 1969 முதல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. எட்டாத தூரமா? வேகத்தை வாங்கப் பணம் போதும் ஐயா. குளிர்ச்சியைக் கொடுக்க அறிவு வேண்டும். பணம் செலவாகும், அறிவு சம்பாதிக்கும்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, கிராபிக்ஸ் என்றால் சித்திரம். நம் முன்னோர் அன்றே சொல்லி வைத்தார்கள், சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று. கார்டு சித்திரம் எழுதும் கை. குளிர்ச்சிதான் சுவர். எதிரணியினர் கையைக் கொண்டாடுகிறார்கள். எழுத இடம் வேண்டாமா என்று நாங்கள் கேட்கிறோம். ‘குளிர்ச்சியே’ என்று தாங்கள் நல்ல தீர்ப்பு வழங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு, அமர்கிறேன்.